நூல் ஏன் எழும்புகிறது? பிள்ளைகளுக்கு விராரிகா நூல்படம் சொல்லித்தரும்போது வரும் சிக்கல்களும் தீர்வுகளும்

எட்டு வயதுப் பெண் ஒருத்தி இரண்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து, மெழுகு பூசிய பலகையில் ஒரு மானின் முதுகை வண்ண நூலால் நிரப்பி முடித்தாள். அடுத்த வகுப்புக்கு வந்து பார்த்தால், முதுகு வளையும் இடத்தில் எல்லாம் நூல் வில்லாக எழும்பி நிற்கிறது. "அக்கா, நான் நல்லாத்தானே அமுக்கினேன்?" என்று கேட்டாள். உண்மைதான், நன்றாகத்தான் அமுக்கியிருந்தாள். அமுக்குவதற்கு முன்னால் நூலை இழுத்துப் பிடித்திருந்தாள், கோளாறு அங்கேதான்.

இந்தக் கலையில் பெரும்பாலான கோளாறுகள் இப்படித்தான். கண்ணில் படும் இடம் ஒன்று, காரணம் அதற்கு ஒரு படி முன்னால். எழும்பிய நூலை மறுபடி மறுபடி அமுக்குவதால் பயன் இல்லை. ஒரு படி பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். சில வருடங்களாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டவற்றை, அவர்கள் வந்து சொல்லும் புகார்களின் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது யாருடைய கலை என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் சில சிக்கல்களுக்குத் தீர்வே அதில்தான் இருக்கிறது. மெக்ஸிகோவின் மேற்கில் ஹலிஸ்கோ, நயாரித், துராங்கோ மாநிலங்களில் ஓடும் சியெர்ரா மாத்ரே மலைத்தொடரில் வாழும் மக்களுடையது. வெளியார் அவர்களை உய்ச்சோல் என்பார்கள். அவர்கள் தங்களை விராரிகா என்று சொல்லிக்கொள்கிறார்கள். பலகையில் தேன்மெழுகு பூசி, அதில் வண்ண நூலை ஒவ்வொரு வரியாகப் பதிப்பார்கள். தூரிகை கிடையாது, ஊசி கிடையாது. கட்டைவிரல் நகம்தான் முக்கியக் கருவி.

இதன் வேர் நியெரிகா என்னும் சிறிய காணிக்கைப் பலகை. முகம், கண்ணாடி, தெய்வங்களின் பக்கத்தைப் பார்க்கும் வாசல் என்று அந்தச் சொல்லுக்குப் பல பொருள். ஊற்றங்கரையிலும் குகையிலும் கோயிலிலும் வேண்டுதலாக வைத்துவிட்டு வருவார்கள். 1890களில் அந்த மக்களிடையே தங்கியிருந்த நார்வேக்காரர் கார்ல் லூம்ஹோல்ட்ஸ் இந்தக் காணிக்கைப் பொருட்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். விற்பனைக்கும் கண்காட்சிக்குமான பெரிய படங்கள் 1950களுக்குப் பிறகு வளர்ந்தவை. 1960களில் ரமோன் மெதினா சில்வா புராணக் கதைகளை நூலில் சொல்லிப் பேர் பெற்றார். அவருக்குப் பின் வந்த ஹோசே பெனித்தெஸ் சாஞ்செஸ் 2003இல் மெக்ஸிகோவின் தேசிய விருதைப் பெற்றார்.

நம் வகுப்புக்கு வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு பிள்ளைக்கு 15 செ.மீ. சதுரத்தில் ஒரு பிளைவுட் துண்டு, பாலிஷ் போடாதது. தேன்மெழுகு 40 கிராம். இது சுமார் 2 மி.மீ. கனத்துக்குப் பூசக் காணும். கடையில் உல்லன் நூல் என்று கேட்டால் கிடைக்கும் அக்ரிலிக் நூல். மெல்லியதாக, பஞ்சு பறக்காததாகப் பார்த்து வாங்குங்கள். 2 மி.மீ. அகல நூல் என்றால் இந்தச் சதுரத்தை இடைவெளி இல்லாமல் நிரப்பச் சுமார் 11 மீட்டர் ஆகும். பிள்ளையிடம் இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பதினோரு மீட்டரையும் நகத்தால் அமுக்கப் போகிறோம் என்று தெரிந்தால் அவசரம் தானாகக் குறைகிறது.

மெழுகை உருக்குவது பெரியவர் வேலை. ஒரு பாத்திரத்தில் கொதிநீர் வைத்து, அதற்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும், அதனால் வெந்நீர்ச் சூடே போதும். நேரடியாக அடுப்பில் வைத்தால் மெழுகு தீப்பிடிக்கும். அப்படிப் பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும்.

## மெழுகே பலகையை விட்டுத் தகடாக உரிகிறது

நூலுக்குப் போகும் முன்பே வரும் கோளாறு இது. பலகை வழுவழுப்பாக இருந்திருக்கும், அல்லது குளிர்ந்து கிடந்த பலகையில் சூடான மெழுகை ஊற்றியிருப்பீர்கள். மெழுகு மரத்துக்குள் இறங்கும் முன்பே இறுகி, மேலே ஒரு ஓடு மாதிரி நின்றுவிடுகிறது.

உரிந்ததை எடுத்துத் திரும்ப உருக்குங்கள். பலகையை உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, கால் மணி நேரம் வெயிலில் வையுங்கள். கையில் வைத்தால் இதமான சூடு தெரிய வேண்டும். அப்புறம் மெழுகை ஊற்றி, சுவருக்குப் பட்டி பார்க்கும் தகட்டால் ஒரே பக்கமாக இழுத்துப் பரப்புங்கள். விராரிகா கலைஞர்களும் மெழுகை இளக்க வெயிலைப் பயன்படுத்துகிறார்கள். ஓரத்தில் ஒரு விரல் அளவு மெழுகில்லாமல் விட்டால் பிள்ளை பலகையைப் பிடித்துத் திருப்ப வசதி. அந்த ஓரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

## "அக்கா, நூல் ஒட்டவே மாட்டேங்குது"

வைத்த உடனேயே நூல் கழன்று வந்தால் மெழுகு இறுகிப்போயிருக்கிறது என்று பொருள். ஒரு சோதனை உண்டு. மெழுகில் கட்டைவிரல் நகத்தைப் பதித்து எடுங்கள். பிறை போன்ற தடம் தெளிவாக விழுந்து, நகத்தில் மெழுகு ஒட்டாமல் வந்தால் சூடு சரி. தடமே விழவில்லை என்றால் குளிர்ச்சி. நகத்தோடு மெழுகு இழுபட்டு வந்தால் சூடு அதிகம். என் வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்ததும் முதல் வேலையாக இந்தப் பிறையைப் பார்ப்பார்கள்.

குளிர்ந்திருந்தால் முழுப் பலகையையும் சூடாக்க வேண்டாம். அடுத்து நூல் போகும் இடத்தில் உள்ளங்கையை வைத்து முப்பது வரை எண்ணச் சொல்லுங்கள். சிறு கைகளின் சூடே மேல்மெழுகை இளக்கிவிடும். மழைநாளிலும் ஏசி அறையிலும் இது போதாது. ஹேர் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து லேசாகக் காட்டுங்கள்.

சூடு சரியாக இருந்தும் ஒட்டவில்லை என்றால் வேறு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, மெழுகு மிக மெல்லிதாகப் பூசப்பட்டு நூல் புதைய இடமில்லை. நூலின் பாதி கனமாவது மெழுகுக்குள் போக வேண்டும். இரண்டு, வெறும் தேன்மெழுகு மட்டும் இருக்கிறது. மெக்ஸிகோவில் பைன் மரப் பிசினைக் கலப்பார்கள். அதுதான் மெழுகுக்குப் பிடிப்பைத் தருகிறது. பிசினைப் பொடித்து, உருகிய மெழுகில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைய விடுங்கள். நான் நான்கு பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு பிசின் போடுகிறேன். வெயில் காலத்தில் பிசினை இதில் பாதியாகக் குறைத்துவிடுவேன், இல்லாவிட்டால் பிள்ளைகளின் விரலெல்லாம் பிசுபிசுக்கும்.

நொறுக்குத்தீனி சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தாலும் ஒட்டாது. எண்ணெய் பட்ட மெழுகில் நூல் நிற்காது.

## அன்று நன்றாக இருந்தது, மறுநாள் வளைவுகளில் எழும்பியிருக்கிறது

தொடக்கத்தில் சொன்ன மான் இதுதான். அக்ரிலிக் நூல் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். பிள்ளை இடது கையால் நூலை விறைப்பாகப் பிடித்து வலது கையால் அமுக்குகிறாள். அந்த நேரத்தில் நூல் நேராக, அழகாகப் பதிகிறது. இரவில் அது மெல்லத் தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. நேர்கோட்டில் ஒன்றும் தெரியாது. வளைவில் நூல் குறுக்குவழி தேடி மெழுகை விட்டு வெளியே வந்துவிடுகிறது.

எழும்பிய பகுதியை மட்டும் அமுக்கினால் மறுநாள் மறுபடி எழும்பும். வளைவு தொடங்கும் இடம்வரை நூலைப் பிரித்தெடுத்து, கையில் தளர்வாக விட்டு, மறுபடி பதிக்க வேண்டும். பிரித்த நூல் மெழுகோடு வந்தாலும் பரவாயில்லை, அதுவே திரும்ப நன்றாக ஒட்டும்.

பழக்கமாக மாற ஒரு வழி: நூல் உருண்டையைப் பிள்ளையின் மடியில் வைத்து, ஒரு முழம் நூலை எப்போதும் மேசைமேல் சும்மா கிடக்க விடச் சொல்லுங்கள். அந்தக் கிடப்பிலிருந்துதான் நூல் எடுக்க வேண்டும். கிடக்கும் நூல் தீர்ந்தால் வேலையை நிறுத்தி இன்னொரு முழம் இழுத்துவிட்டுத் தொடர வேண்டும். "நூலைப் பிடிக்காதே, வழிகாட்டு" என்று சொல்வேன். ஏழு வயதுப் பிள்ளைக்கும் அது புரிகிறது.

## நூலுக்கும் நூலுக்கும் இடையே மெழுகு தெரிகிறது

அதிகம் வரும் புகார் இது. நான் அதிக நேரம் செலவிடுவதும் இதற்குத்தான்.

பிள்ளைகள் கிரயான் பழக்கத்தோடு வருகிறார்கள். கிரயானில் வெளிக்கோடு போட்டு உள்ளே இழுத்துத் தள்ளினால் நிறம் நிரம்பிவிடும். இடையில் வெள்ளை தெரிந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நூல்படத்தில் நிறம் என்று தனியாக எதுவும் கிடையாது, எல்லாமே கோடுதான். ஒரு நல்ல விராரிகாப் படத்தை அருகில் வைத்துப் பாருங்கள். மானின் உடம்பும் வானமும் நிலமும் எல்லாமே பக்கத்துப் பக்கத்தில் ஓடும் நூல் வரிகள். ஒரு மயிரிழை அளவு மெழுகுகூட வெளியே தெரியாது.

அதனால் நிரப்பும் வரிசையை முதலில் சரிசெய்ய வேண்டும். உருவத்தின் வெளிக்கோடு முதலில். அதன் உள்பக்கம் ஒட்டி அடுத்த சுற்று. அதை ஒட்டி அடுத்தது. இப்படி வெளியிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டே போக வேண்டும். பின்னணியும் இதே முறைதான்: உருவத்தின் வெளிக்கோட்டை அணைத்தபடி ஒரு சுற்று, அதை அணைத்து இன்னொன்று. அப்போதுதான் மானைச் சுற்றி அலை பரவுவது போன்ற தோற்றம் வரும். பின்னணியைப் பலகையின் ஓரத்துக்கு இணையாக நேர்க்கோடுகளாகப் போட்டால் அந்த உயிர் போய்விடும், உருவத்தின் ஓரங்களில் முக்கோண முக்கோணமாக ஓட்டையும் விழும். பிள்ளை கொண்டுவரும் ஓட்டைகளில் பாதிக்கு மேல் அப்படி விழுந்தவைதான்.

அடுத்தது நகத்தின் திசை. எல்லாரும் நூலை மேலிருந்து கீழே அமுக்குகிறார்கள். அமுக்குவதில் இரண்டு அசைவு உண்டு. முதலில் நகத்தால் நூலைப் பக்கத்து நூல்மேல் சாய்த்துத் தள்ள வேண்டும். அப்புறம்தான் கீழே அமுக்க வேண்டும். இரண்டு விரற்கடை தூரத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் போதும். பேருந்தில் நெருக்கி உட்காருகிற மாதிரி நூல்கள் தோளோடு தோள் உரச வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். சொன்ன உடனே சிரித்துக்கொண்டே தள்ளத் தொடங்குகிறார்கள். நகம் வெட்டியிருக்கும் பிள்ளைக்கு ஐஸ்குச்சியின் முனையை உப்புத்தாளில் தேய்த்துச் சரிவாக்கிக் கொடுங்கள்.

ஏற்கெனவே விழுந்துவிட்ட இடைவெளியை என்ன செய்வது? நூலில் பாதியளவுதான் இடைவெளி என்றால், மெழுகைக் கொஞ்சம் இளக்கி இரண்டு பக்கத்து வரிகளையும் குச்சியால் நெருக்கித் தள்ளிவிடலாம். அதைவிடப் பெரிது என்றால் கடைசி இரண்டு சுற்றைப் பிரிக்க வேண்டும். இடைவெளியில் துண்டு நூல் வெட்டி அடைக்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். ஒரு முறை அடைக்க விட்டால் பிறகு ஒவ்வொரு ஓட்டைக்கும் துண்டு தேடுவார்கள். படம் ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஆகிவிடும். நான் அனுமதிப்பதில்லை. பிரிப்பது தண்டனை போலத் தோன்றாமல் இருக்க, நானும் பக்கத்தில் ஒரு பலகை வைத்துச் செய்கிறேன், என்னுடையதையும் பிரிக்கிறேன். விராரிகா வீடுகளிலும் பிள்ளைகள் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

## கூர்மையான மூலைகள் உருண்டுபோகின்றன

மான் கொம்பின் நுனி, சோள இலையின் முனை எல்லாம் மொழுக்கென்று வந்தால், பிள்ளை மூலையில் நிற்காமல் வளைந்து போகிறாள். மூலைக்கு வந்ததும் இடது கட்டைவிரல் நகத்தை நூல்மேல் ஊன்றி, நூலை மடித்துத் திருப்பி, மடிப்பைக் கிள்ளிவிட்டு அமுக்க வேண்டும். மூலையில் நூலை வெட்ட வேண்டாம். வெட்டிய நுனிகள் இரண்டும் பிரிந்து பஞ்சாகிவிடும்.

## நுனி பிரிந்து பஞ்சாகிறது

மழுங்கிய கத்தரி. சின்னக் கூர்க்கத்தரி கொடுங்கள். வெட்டிய நுனியை நூலின் முறுக்குத் திசையிலேயே உருட்டி, மெழுகில் ஒருமுறை தொட்டு, பக்கத்து வரிக்கு அடியில் செருகிவிட்டால் சரி.

## மெழுகு மேலே ஏறி நிறம் அழுக்காகிறது

பிறைச் சோதனையில் மெழுகு நகத்தோடு வந்தும் வேலையைத் தொடர்ந்திருப்பீர்கள். பலகையை நிழலில் கால் மணி நேரம் வையுங்கள். அவசரத்துக்கு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். மெழுகும் மரமும் வேறுவேறு அளவில் சுருங்கி மெழுகு கழன்றுவிடும். நூல்மேல் படிந்த மெழுகை அது முழுதாக இறுகிய பிறகு பல்குச்சியால் சுரண்டுங்கள். இளகிய நிலையில் துடைத்தால் இன்னும் பரவும். விரலை எண்ணெய் போட்டுத் துடைக்கும் யோசனை எல்லாருக்கும் வரும். வேண்டாம், உலர்ந்த துணியே நல்லது.

## "மான் எங்க இருக்குன்னே தெரியல"

பக்கத்தில் அழகு, தள்ளி நின்றால் குழப்பம். நீல மானை ஊதாப் பின்னணியில் வைத்திருப்பார்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். மான் காணாமல் போனால் நிறங்களின் வெளிச்சம் ஒன்றாக இருக்கிறது.

முழுப் பின்னணியையும் மாற்ற வேண்டியதில்லை. விராரிகாப் படங்களில் உருவத்தைச் சுற்றி எதிர்நிறத்தில் ஒரு வரி, சில நேரம் இரண்டு வரி ஓடும். நீல மானுக்கு மஞ்சள் ஒரு சுற்று, அதற்கு வெளியே சிவப்பு ஒரு சுற்று. பின்னணியின் முதல் இரண்டு வரியை மட்டும் எடுத்துவிட்டு இதைப் போட்டால் மான் எழுந்து நிற்கும். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நூல் உருண்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தக் கோளாறு வராது.

## பாதியில் சலித்து எழுந்துவிடுகிறாள்

பிள்ளையின் பொறுமையைக் குறை சொல்லும் முன் பலகையை அளந்து பாருங்கள். 30 செ.மீ. சதுரம் கொடுத்திருந்தால் அது 15 செ.மீ. பலகையைப் போல நான்கு மடங்கு வேலை. காணிக்கை நியெரிகாக்களும் சின்னவைதான் என்று சொல்லிச் சின்னப் பலகை கொடுங்கள். பாதியில் நிற்கும் பெரிய பலகையை இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து முடிக்கலாம்.

ஏழு வயதுக்குக் கீழே என்றால் மெழுகுப் பலகையே வேண்டாம். ட்சிக்குரியில் தொடங்குங்கள்: இரண்டு குச்சியைச் சிலுவையாகக் கட்டி, நடுவிலிருந்து நூலைச் சுற்றிச் சுற்றிச் சாய்சதுரமாக வளர்ப்பது. கடவுளின் கண் என்ற பெயரில் உலகமெங்கும் பள்ளிகளில் செய்கிறார்கள். விராரிகா மக்களிடம் இது பெரும்பாலும் பிள்ளைகளுக்கானது. குழந்தை பிறந்ததும் நடுக்கண்ணைச் சுற்றி, ஐந்து வயதுவரை ஆண்டுக்கு ஒரு கண்ணாகச் சேர்ப்பார்கள். முதல் விளைச்சல் நேரத்தில் வரும் தாதேய் நெய்ரா விழாவில் சின்னப் பிள்ளைகள் கிலுகிலுப்பை ஆட்டியபடி உட்கார்ந்திருக்க, மராகாமே என்னும் பூசாரி மேளம் அடித்துப் பாடியே அவர்களைப் பறவைகளாக விரிகுத்தா என்ற புனித நிலத்துக்குக் கூட்டிப்போவார். இதைச் சொன்னால் பிள்ளைகள் குச்சியைக் கீழே வைக்கமாட்டார்கள்.

ட்சிக்குரியில் வரும் கோளாறு இரண்டே இரண்டு. சாய்சதுரம் கோணினால் நடுக்கட்டு தளர்ந்திருக்கிறது. பிரித்து இறுக்கிக் கட்டுங்கள். நூல் நுனிப்பக்கமாக நழுவினால் குச்சி வழுவழுப்பு, உப்புத்தாளால் தேயுங்கள்.

## எல்லாப் பிள்ளைகளும் ஒரே மானைச் செய்கிறார்கள்

வரிகள் நேராக இருக்கும், மூலைகள் கூராக இருக்கும், பன்னிரண்டு பலகையிலும் ஒரே மான் இருக்கும். "இது என்ன படம்?" என்று கேட்டால் "நீல மான்" என்பார்கள். "எதுக்கு மான்?" என்றால் பதில் வராது. என் முதல் வருட வகுப்பு இப்படித்தான் முடிந்தது. பெற்றோர்கள் பாராட்டினார்கள். எனக்கு மனசு சரியில்லை. இதையும் ஒரு கோளாறாகத்தான் எண்ணுகிறேன், நூல் எழும்புவதைவிடப் பெரிய கோளாறு.

காரணம் நான் முன்மாதிரிப் படத்தைக் காட்டித் தொடங்கியது. கவுயுமாரி என்ற அந்த நீல மான் அவர்களுக்கு வழிகாட்டி. மனிதர்களுக்கும் தெய்வங்களுக்கும் நடுவே நிற்பவர். அவரை அலங்காரமாக நகலெடுக்க வைத்தேன். நியெரிகாவை வைப்பவர் எதையோ கேட்கிறார், அல்லது எதற்கோ நன்றி சொல்கிறார். படம் அந்தப் பேச்சிலிருந்து பிறக்கிறது. என் பிள்ளைகளிடம் பேச்சு இல்லாமலே படம் இருந்தது.

இப்போது படத்தைக் காட்டுவதற்கு முன் ஒரு கதை சொல்கிறேன். வாத்தகாமே என்ற உழவர் காட்டை வெட்டி நிலம் திருத்துகிறார். வெட்டிய மரமெல்லாம் மறுநாள் திரும்ப நிற்கிறது. வளர்ச்சியின் பாட்டியான நாக்காவே வந்து, வெள்ளம் வரப்போகிறது, பெட்டி செய் என்கிறாள். ஒவ்வொரு நிறத்திலும் ஐந்து மக்காச்சோள மணி, அவரை விதை, நெருப்பு, கூடவே ஒரு கறுப்புப் பெண் நாய். வெள்ளம் வடிந்த பிறகு அவர் வயலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் வீட்டில் ரொட்டி சுட்டு வைத்திருக்கிறது. ஒளிந்திருந்து பார்த்தால், நாய் தன் தோலைக் கழற்றி வைத்துவிட்டுப் பெண்ணாகி மாவரைக்கிறது. அவர் தோலை எடுத்து நெருப்பில் போட்டுவிடுகிறார். அவள் பெண்ணாகவே தங்கிவிடுகிறாள்.

கதை முடிந்ததும் நூலைக் கொடுப்பதில்லை. ஒரு துண்டுத்தாள் கொடுத்து, நீ யாருக்கு நன்றி சொல்லணும், இல்லை என்ன கேக்கணும் என்று எழுதச் சொல்கிறேன். விற்பனைக்கு வரும் விராரிகாப் படங்கள் பலவற்றின் பின்புறத்தில் கலைஞர் தன் பெயரோடு படத்தின் கதையையும் எழுதியிருப்பார். நாங்கள் அதை முதலிலேயே எழுதிப் பலகையின் பின்னால் ஒட்டிவிடுகிறோம், அப்புறம்தான் முன்பக்கம். ஒரு பையன் தன் பாட்டியின் முழங்கால் வலி போக வேண்டும் என்று எழுதிவிட்டு, முன்பக்கம் ஒரு முழங்காலும் அதைச் சுற்றிச் சூரியக் கதிரும் பதித்தான். வரிகள் கோணல்தான். அதை ஒரு இடத்திலும் நான் திருத்தவில்லை.

பிள்ளை செய்வதை விராரிகாப் படம் என்று பெயர் எழுதி வைக்கவும் வேண்டாம். விராரிகா மக்களிடமிருந்து கற்ற முறையில் இன்னார் செய்தது என்று எழுதுங்கள்.

## "அந்தப் பூ மாதிரி வட்டம் என்ன அக்கா?"

அசல் படங்களின் புகைப்படத்தைக் காட்டினால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பதில் சொல்லத் தயங்கிப் பூ என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. பொய் சொல்ல வேண்டியதில்லை. அது ஹிக்குரி, முள்ளில்லாத ஒரு சின்னக் கள்ளி. சான் லூயிஸ் பொத்தோசி மாநிலத்தில், விரிகுத்தா என்னும் வறண்ட நிலத்தில் முளைக்கிறது. அந்த மக்கள் நெடுந்தூரம் யாத்திரை போய் அதைச் சேகரித்து வந்து சடங்கில் உண்கிறார்கள், அப்போது காட்சிகள் தெரியும் என்கிறார்கள். மானும் மக்காச்சோளமும் ஹிக்குரியும் ஒன்றே என்பது அவர்கள் கொள்கை. 2025இல் அந்த யாத்திரைப் பாதை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அது அவர்களுடைய கருவறைப் பொருள், அதனால் நாம் நம் பலகையில் வைப்பதில்லை என்று சொல்லுங்கள். கருவறை என்ற சொல் போதும், பிள்ளைகள் மேலே கேட்பதில்லை. சோளம், சூரியன், மழை, பாம்பு, கழுகு என்று மற்றவை எவ்வளவோ இருக்கின்றன.

## மெழுகுக்குப் பதில் ஃபெவிகால் போட்டோம், நூல் வழுக்குகிறது

பெரிய வகுப்பில் மெழுகு முடியாதுதான். பசையைப் பலகை முழுக்கப் பூசியிருப்பீர்கள். பிள்ளை ஓரத்துக்கு வருவதற்குள் நடுவில் காய்ந்துவிடும், ஓரத்தில் நூல் ஊறி நழுவும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் தடவி, அரை நிமிடம் விட்டு, பிசுக்கு வந்த பிறகு நூல் வையுங்கள். இதைவிட, இருபக்கமும் ஒட்டும் டேப்பை நெருக்கமாக ஒட்டி, மேல்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே போவது சுலபம். ஆனால் இரண்டிலும் நூலைப் பிரித்துத் திரும்பப் பதிக்க முடியாது. மெழுகின் அருமை அதில்தான் இருக்கிறது, முடிந்தவரை மெழுகையே தேடிப்பிடியுங்கள்.

## முடித்த படத்தில் வெள்ளைப் பூச்சு, அல்லது படம் வழிந்துவிட்டது

மெழுகு தெரியும் ஓரத்தில் மாவு தூவியது போல் வெள்ளை படிந்தால் பூஞ்சை என்று பயப்பட வேண்டாம். தேன்மெழுகு குளிரில் வெளியே விடும் பூச்சு அது. மென்மையான துணியால் துடைத்தால் போய்விடும். நூலுக்குள் படியும் தூசியை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டுங்கள், ஈரத்துணி கூடாது.

வழிவதுதான் வெப்ப ஊர்களில் பெரிய தொல்லை. தேன்மெழுகு 35 டிகிரியைத் தாண்டினாலே குழைய ஆரம்பிக்கும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டால் உருகும் அளவுக்கே சூடு ஏறிவிடும். மேற்குச் சுவரிலும் சன்னல் ஓரத்திலும் மாட்டாதீர்கள். கோடையில் படத்தைச் செங்குத்தாக நிறுத்தாமல், நிழலான அறையில் தட்டையாகப் படுக்க வையுங்கள்.

நூல் ஏற்கெனவே சரிந்துவிட்டது என்றால் முதலில் தொடாமல் தட்டையாகப் போட்டு ஆற விடுங்கள். மறுநாள் காலை பிறைச் சோதனை செய்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகக் குச்சியால் மேலே தள்ளி அதன் இடத்தில் சேருங்கள். சரிவு நான்கைந்து வரிக்கு மேல் போய்விட்டால் அந்தப் பகுதியைப் பிரித்துத் திரும்பப் பதிப்பதே குறைந்த வேலை. பிரித்த நூலை அளவு பார்த்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதே நிறம் கடையில் மறுபடி கிடைப்பது கடினம்.